சிக்கல்கள்: இல்லை

கீழக்கால் தாய்சேய் மேன்மை மையத்துக்கு ஸ்கேன் இயந்திரம் வந்து இறங்கிய அன்று அதற்கு இரண்டு சால்வை போர்த்தினார்கள். ஒன்று நிர்வாகத்தின் சார்பில், இன்னொன்று ஊழியர் சங்கத்தின் சார்பில். மையம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் போகிற வழியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. இயந்திரத்துக்குச் சால்வை போர்த்துவதைப் பார்க்க, பிள்ளை பெற்ற பெண்களையெல்லாம் எழுப்பி வரிசையாக நிறுத்தினார்கள்.

இயந்திரத்தின் வேலை இது. பிரசவத்தில் பிள்ளையின் தலை நடுவழியில் நின்றுவிட்டால், உறிஞ்சு கிண்ணத்தையோ இடுக்கியையோ வைத்து வெளியே இழுப்பார்கள். இழுப்பதற்கு முன்னால் பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். இத்தனை காலம் விரலால் தடவித்தான் சொல்லிவந்தார்கள்; விரல் பல தடவை தப்பாகச் சொல்லும். ஸ்கேன் தப்பாகச் சொல்வது அபூர்வம். இழுத்த பிறகு தாய்க்கு உள்ளே தசை கிழிந்திருக்கிறதா என்றும் அதே இயந்திரத்தில் பார்க்கலாம். நல்ல இயந்திரம்தான். நான் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இயக்குநர் டாக்டர் சிவசண்முகம் திறப்பு விழாவில் முக்கால் மணி நேரம் பேசினார்.

"இனி நமது மையத்தில் சிக்கல் என்ற சொல்லுக்கே இடம் கிடையாது. கருவிப் பிரசவங்களுக்காகப் புதிய பதிவேடு அடித்திருக்கிறோம். அதில் 'சிக்கல்கள்' என்ற கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று அச்சிட்டே வாங்கிவிட்டோம். செவிலியர்களுக்கு எழுதுகிற நேரம் மிச்சம். அந்த நேரத்தையும் அவர்கள் தாய்மார்களுக்கே செலவிடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளை பெற்றவர்கள் கையில் பிள்ளை இருந்ததால் தட்டவில்லை.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண்ணை அழித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் இயந்திரம் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும்; ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். அந்தச் சட்டத்தால் உயிரோடு இருக்கிற பெண் பிள்ளைகள் உண்டு, அதனால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழக்கால் மையத்தார் இயந்திரத்தைப் பதிவு செய்தது பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நாலாம் எண் அறையில். பிரசவ அறை புதிய கட்டடத்தின் மாடியில். பிரசவக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போவதற்காக இயந்திரத்துக்கு நாலு சக்கரம் வைத்திருந்தான் செய்தவன். அந்தச் சக்கரங்களுக்குள் சங்கிலி கொடுத்து ஜன்னல் கம்பியோடு கட்டிப் பூட்டினார்கள். சாவி அருணாசலத்தின் அரைஞாணில் தொங்கியது. அருணாசலம் ஸ்கேன் அறையின் எழுத்தர்.

வன்னியராஜ் இதில் எதுவும் அறியாதவன். வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவன். அவன் மனைவி முத்துராணி நாற்று நடவும் களை பறிக்கவும் போவாள். தலைப்பிரசவம். ஆயுத பூஜை அன்று விடியும்போது வலி கண்டது. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். வழி முழுக்கக் குலசை அம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டிப் போகிற தசராக் குழுக்கள். மேளக்காரர்கள் நகராமல் நின்றபோது, ஒரு காளி வண்டியிலிருந்து இறங்கி வந்து சூலத்தை ஆட்டி ஆட்டோவுக்கு வழி விலக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவனுக்குத் தாமதமில்லாமல் உதவி செய்தது அந்தக் காளி ஒருத்திதான். அவளுக்கு மீசை இருந்தது.

பதினோரு மணிக்குப் பிரசவ அறைக் கதவு திறந்தது. டாக்டர் சுகிர்தா வெளியே வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

"ஒன்றரை மணி நேரமா முக்குதாங்க. தலை பாதி வழியில நிக்கு. தலைமேல வீக்கம் இருக்கறதால முகம் எந்தப் பக்கம்னு கைக்குப் பிடிபட மாட்டேங்கு. ஆபரேஷன் பண்ணலாம்னா மயக்க மருந்து டாக்டர் பூஜைக்கு ஊருக்குப் போயிட்டாங்க. இந்தச் சீட்டைக் கொண்டு போயி ஸ்கேன் மிசினை மேல கொண்டாரச் சொல்லுங்க. பாக்கறதுக்கு அஞ்சு நிமிஷந்தான்."

வன்னியராஜ் ஓடினான்.

நாலாம் எண் அறையில் ஊதுபத்தி மணத்தது. இயந்திரத்தின் திரைக்கு நடுவே சந்தனம், குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முன்னால் பொரிகடலைத் தட்டு வைத்திருந்தது. அருணாசலம் சிவப்பு வேட்டியும் பாசிமாலையுமாக உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் விரதக் காப்பு. மறுநாள் குலசையில் அவருக்குப் போலீஸ் வேஷம்.

"பூஜையில வச்சாச்சே வே," என்றார். "இனி நாளைக்குக் காலையில சூடம் காட்டிட்டுத்தான் எடுக்கணும்."

"அங்க உசுரு போவுது அண்ணாச்சி."

"எனக்கு மட்டும் தெரியாதா? வருஷம் பூரா உழைக்கிற பொருளு. அதுக்கு ஒரு நாளு ஓய்வு குடுக்க வேண்டாமா?"

வந்து ஏழு மாதமாக அந்த இயந்திரம் ஒரு நாள்கூட உழைத்ததில்லை. இது வன்னியராஜுக்குத் தெரியாது. அவன் இயந்திரத்தைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டான்.

அருணாசலம் கெட்ட மனுஷர் இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, இயந்திரத்தின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, பொறுத்துக்கோ," என்றார். பூஜையைக் கலைக்க ஆத்தாளிடம் அனுமதி வாங்க அரை நிமிஷம்தான் ஆனது. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, சட்டம் கேட்கிற எஃப் படிவத்தை எடுத்தார். அதை நிரப்பாமல் விட அனுமதி தர ஆத்தாளாலும் முடியாது.

பெயர், வயது, கணவர் பெயர், கதவு எண், அடையாளத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, முந்தின பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை.

"தலைப்பிள்ளை அண்ணாச்சி."

"அதுக்கு ஆண் சைபர், பெண் சைபர்னு தனித்தனியா எழுதணும். என்ன காரணத்துக்காக ஸ்கேனு?"

"முகம் எந்தப் பக்கம்னு பாக்க."

அருணாசலம் காரணங்களின் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். திரும்பக் கீழிருந்து மேலே போனார். "முகம் இதுல இல்லையே வே. சரி, 'இதர'ன்னு போடுவோம். இப்ப இங்கன பாரும். 'என் வயிற்றில் உள்ளது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.' இதுல அவ கையெழுத்துப் போடணும். நீரு போட்டா உமக்கும் ஜெயிலு, எனக்கும் ஜெயிலு."

வன்னியராஜ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு பிரசவ அறைக்கு ஓடினான். அங்கே செவிலியாக இருந்த ரீபா சிஸ்டர் வாசலில் அவனை மறித்துப் படிவத்தை வாங்கி உள்ளே கொண்டு போனாள். திறந்த கதவு வழியே முத்துராணியின் குரல் கேட்டது.

"ஏங்க, ஸ்கேன் எடுக்காவளா?"

"எடுக்காவ ஏளா. கையெழுத்து மட்டும் போட்டிரு," என்றான் வன்னியராஜ் வாசலிலிருந்தே.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே அவள் 'முத்து' வரைக்கும் எழுதினாள். 'ராணி' எழுதும்போது வலி வந்துவிட்டது. பேனா கட்டத்தைத் தாண்டித் தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"கையெழுத்து கட்டத்தை விட்டு வெளிய போயிருக்கே," என்றார் அருணாசலம். வேறு படிவம் கொடுத்தார். அவன் மறுபடி மாடிக்கு ஓடினான். இந்தத் தடவை முத்துராணி கட்டத்துக்குள்ளேயே போட்டாள். எப்படிப் போட்டாளோ.

அடுத்து ஆதார் அட்டைக்கு இரண்டு நகல். எதிர்க் கடைக்காரர் ஜெராக்ஸ் மிஷினுக்கும் பொட்டு வைத்துத் துணி போர்த்தியிருந்தார். அவன் காலில் விழப் போனதும் பதறிப்போய்த் துணியை விலக்கி எடுத்துக் கொடுத்தார். அவரிடம் படிவம் எதுவும் இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

எல்லாம் சரியாக இருந்தது. அருணாசலம் படிவத்துக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தார்.

"இனி மேல கொண்டு போலாமா அண்ணாச்சி?"

"எதை? மிசினையா? பதிவு பண்ணின ரூமை விட்டு வெளிய போனா சீல் வச்சிருவாவ வே. அவளைத்தான் இங்கன கொண்டாரணும்."

"நாலு பேரு சேந்து தூக்கிட்டு வந்திருதோம்."

"கொண்டாங்க. ஆனா அவ வந்தா நான் வெளிய போயிருவேன். காப்பு கட்டியிருக்கேன், பேறுகாலத் தீட்டு ஆகாது."

"சரி, நீங்க வெளிய நில்லுங்க. டாக்டரம்மா பாத்துக்கிடுவாவ."

"நான் இல்லாம மிசினை யாரும் தொடப்படாது. அது விதி." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நான் என்ன செய்ய, நீரே சொல்லும்."

வன்னியராஜ் வராந்தாவுக்கு ஓடினான். சுவரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து இயக்குநருக்கே போன் போட்டான். டாக்டர் சிவசண்முகம் வீட்டுப் பூஜையில் இருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, பதற்றப்படக் கூடாது. அப்படியொரு இயந்திரம் இருக்கிற மையத்தில் உங்கள் மனைவி படுத்திருக்கிறார். அதுவே பாதி சிகிச்சை. இன்றுவரை அந்த இயந்திரம் ஒரு தவறான முடிவுகூடத் தந்ததில்லை. ஒன்றுகூட. நீங்கள் தைரியமாக இருக்கலாம்."

வன்னியராஜ் திரும்பி வந்தபோது பிரசவ அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளையின் இதயத் துடிப்பைக் காட்டுகிற கருவியின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. சுகிர்தாவால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. விரல் சொன்னதை நம்பிக் கிண்ணத்தை வைத்தாள். கழன்றது. மறுபடி வைத்தாள். மறுபடி கழன்றது. பிறகு இடுக்கியைப் போட்டாள். முத்துராணி போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பெண் குழந்தை, முகம் கூரையைப் பார்த்தபடி வந்தது. விரல் நேர்மாறாகச் சொல்லியிருந்தது.

பிள்ளை தலையில் வீக்கத்தோடு இருந்தாலும் நன்றாக அழுதது. அந்த வீக்கம் சில வாரங்களில் வற்றியும் போனது. சுகிர்தா வெளியே வந்து வன்னியராஜின் முன்னால் நின்றாள்.

"உள்ள ஆழமா கிழிஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு. தெரிஞ்ச வரைக்கும் தச்சிருக்கேன். நாளைக்கு எப்படியும் ஸ்கேன்ல பாத்தாகணும். பாத்தா திரும்பச் சரியாத் தச்சிரலாம். விட்டுட்டா கஷ்டம்."

இதையே சீட்டிலும் எழுதினாள். மறுநாள் அருணாசலம் குலசையில் லத்தியோடு கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் காப்பு அவிழ்த்த களைப்பில் வரவில்லை. நாலாம் நாள் கட்டில் வேண்டும் என்று முத்துராணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'இல்லை' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. சந்தேகம் எழுதுகிற பழக்கம் உள்ளவள் என்று சுகிர்தாவைத் திருநெல்வேலிக்கு மாற்றினார்கள்.

முத்துராணிக்கு அடக்க முடியவில்லை. இதை எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கும், அதனால் நேராகவே எழுதுகிறேன். நடந்தால் மலம் கசிந்தது. தும்மினால் கசிந்தது. பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் கசிந்தது. நடவுக்குப் போவதை நிறுத்தினாள். பஸ் ஏறுவதை நிறுத்தினாள். பிறகு சோற்றைக் குறைத்தாள். பிள்ளைக்குப் பால் வற்றியது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி துவைப்பதைப் பார்த்துத்தான் வன்னியராஜ் கண்டுபிடித்தான்.

மூன்றாம் மாதம் அவளை மையத்துக்குக் கூட்டி வந்தான். அருணாசலம் அன்போடு வரவேற்று, பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எஃப் படிவம் இப்போது கம்ப்யூட்டரில் வந்திருந்தது.

"கர்ப்பம் எத்தனை வாரம்?"

"பிள்ளை பெத்தாச்சே அண்ணாச்சி. இவளுக்குத்தான் பாக்கணும்."

"வாரம் கேக்குல்லா." சைபர் போட்டார். திரை சிவந்தது. "சைபரை எடுக்க மாட்டேங்கு வே. நாலுலேர்ந்து நாப்பத்திரெண்டுக்குள்ள ஒரு நம்பர் வேணுமாம். கர்ப்பிணிக்குன்னு பதிவு பண்ணின மிசினு. கர்ப்பமா இல்லாதவளுக்கு எப்படி எடுக்க?"

"பெத்த பிறகு கிழிஞ்சிருக்கான்னு பாக்கவும் இந்த மிசினுதான்னு டாக்டரம்மா சொன்னாவளே."

"பாக்கலாம். யாரு இல்லைன்னா? படிவந்தான் இடிக்கி." அருணாசலம் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது. "ஒண்ணு செய்யும். அடுத்த பிள்ளைக்கு வருவீருல்லா, அப்ப ரெண்டையும் சேத்துப் பாத்திருவோம்."

முத்துராணி பிள்ளையை எடுத்துக்கொண்டாள். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். அவள் ஏன் எழுந்தாள் என்று அருணாசலத்துக்குப் புரியவில்லை.

தை மாதம் மையத்துக்குச் 'சிக்கலற்ற கருவிப் பிரசவ' விருது கிடைத்தது. விருதுக் குழுவினர் வரும்போது மேடையில் உட்கார வைக்க, ஸ்கேன் வசதியால் பயனடைந்த தாய் ஒருத்தி தேவைப்பட்டாள். கோப்பைப் புரட்டினார்கள். எஃப் படிவம் முழுமையாக நிரம்பி, எண் போட்டு, முத்திரை குத்தி, கட்டத்துக்குள் கையெழுத்தோடு இருந்தது ஒரே ஒரு பெயருக்குத்தான். படிவம் இருந்தால் ஸ்கேன் எடுத்ததாக அர்த்தம். டாக்டர் சிவசண்முகமே வன்னியராஜுக்குப் போன் போட்டார். அவன் கெஞ்சிக் கேட்டதற்கு, விழா முடிந்ததும் முத்துராணிக்குத் தன் பொறுப்பில் ஸ்கேன் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக இருவரும் வந்தார்கள்.

மேடையில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளைப் பிள்ளையோடு உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீண்ட வரவேற்புரைக்குப் பிறகு விருதுக் குழுவின் தலைவர் பேசினார்; அவருக்குப் பிறகு இயக்குநர் எழுந்தார். அரை மணி நேரத்தில் அவள் வன்னியராஜைப் பார்த்தாள். அவன் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போனான். அருணாசலம் அவன் தோளைப் பிடித்து, "பைய இரும் வே. இயக்குநர் பேசுதாரு. நடுவுல எந்திரிக்கப்படாது," என்றார்.

இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "நாட்டிலேயே இந்த அளவுக்கு நவீன இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு சிக்கலைக்கூடக் கண்டுபிடிக்காத ஒரே மையம் நம்முடையது. சிலர் கேட்கிறார்கள், அது எப்படி சாத்தியம் என்று. நான் சொல்வேன், தேடுகிறவனுக்குத்தான் குறை தென்படும். நாங்கள் தேடுவதில்லை. இதோ, இந்தச் சகோதரியே அதற்குச் சாட்சி. இவருக்கு இப்போது நினைவுப் பரிசாகச் சேலை வழங்கப்படும்."

முத்துராணி எழவில்லை.

"கூச்சப்படுகிறார்," என்றார் இயக்குநர் சிரித்துக்கொண்டே. "கிராமத்துப் பெண்."

முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவர். முத்துராணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். சேலையின் பின்பக்கம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. இயக்குநரின் கையில் இருந்த மைக் அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"ஐயா, அன்னைக்கு ஸ்கேன் எடுக்கவே இல்ல. கையெழுத்து மட்டுந்தான் வாங்கினாவ. சிக்கல் இல்லைன்னு சொல்லுதியளே, இந்தச் சேர்ல இருக்கு. வந்து பாருங்க."

ரீபா சிஸ்டர் மேடையேறி, பரிசாகக் கொடுக்க வைத்திருந்த சேலையைப் பிரித்து அவள் இடுப்பில் சுற்றி, அணைத்துக் கீழே கூட்டி வந்தாள். மேடைக்குப் பின்னால் போனதும் முத்துராணி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு விருதைக் கொடுத்தார்கள். வாங்கினார்கள். விழாவுக்குப் பின் எடுப்பதாகச் சொன்ன ஸ்கேனை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ரீபா கொடுத்த எண்ணுக்கு வன்னியராஜ் பேசினான். மறு வாரம் திருநெல்வேலியில் சுகிர்தா முத்துராணியைப் படுக்க வைத்து ஸ்கேன் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஆனது. ஆசனவாயைச் சுற்றி இறுக்குகிற தசை வட்டம் ஒரு பக்கம் முழுசாக அறுந்து விலகியிருந்தது. அன்றைக்கே பார்த்திருந்தால் சில தையல். இப்போது பெரிய ஆபரேஷன், அதிலும் பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. சொல்லி முடித்துவிட்டு சுகிர்தா, "என்னை மன்னிச்சிருங்க அக்கா," என்றாள். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

காப்பீட்டில் ஆபரேஷன் செய்ய ஒரு தாள் குறைந்தது. பிரசவம் நடந்த இடத்திலிருந்து, தாய்க்கு இந்தப் பாதிப்பு இருந்ததற்கான எழுத்துப்பூர்வமான ஆதாரம். வன்னியராஜ் கீழக்காலுக்குப் போனான். பதிவேட்டில் 'இல்லை' என்றுதான் இருக்கிறது, அச்சில் வந்ததைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். அவன் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். ரீபா சிஸ்டர் கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்து அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அது மையத்தின் 'பழுதடைந்த பொருட்கள் பதிவேட்டின்' ஒரு பக்க நகல். அருணாசலம் தன் அழகான கையெழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதியிருந்தார். பொருள்: நாற்காலி, பிளாஸ்டிக், நீலம், ஒன்று. நிலை: பயன்படுத்த இயலாது. காரணம்: மேடையில் அமர்ந்த பயனாளி முத்துராணிக்குப் பிரசவத்துக்குப் பின் ஏற்பட்ட மலக்கசிவு. கீழே இயக்குநரின் கையொப்பமும் வட்ட முத்திரையும்.

திருநெல்வேலி அலுவலகத்தில் இருந்த அம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். "முத்திரை இருக்கு, போதும்," என்று கோப்பில் சேர்த்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பங்குனியில் தேதி கிடைத்தது.

வன்னியராஜ் அந்த நகலை வீட்டில் வாசித்துக் காட்டினான். முத்துராணி துணி அலசிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"சேருக்காவது எழுதினாவளே," என்றாள்.